எலக்ட்ரான் அமைப்புக் குறியீட்டின் வரலாறு

1. ஆய்வின் தோற்றம்

அறிவியல் பயிலும் மாணவர்க்குப் பகுதி ஒன்றில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர், சிற்சில வேளைகளில் தம் மாணவரிடமிருந்தே கற்றுக்கொள்ள நேர்வதுண்டு. நன்னூலின் புறனடைச் சூத்திரங்களை விளக்கிக்கொண்டிருந்த ஒருநாள், முதலாண்டு வேதியியல் மாணவர் ஒருவர் எழுந்து, தம் பாடத்திலும் இத்தகைய விதியும் புறனடையும் உள என்றார். அணுவின் எலக்ட்ரான் அமைப்பை எழுதுங்கால் 4எஸ் என்னும் இடம் 3டி என்னும் இடத்திற்கு முன் நிரம்பும் என்பது விதி. குரோமியமும் செம்பும் அவ்விதிக்குப் புறனடை. அவர் அவ்வளவில் நிற்கவில்லை. “முதலில் புகுந்த 4எஸ் எலக்ட்ரானே, இரும்பு அயனியாகும்போது முதலில் வெளியேறுகிறது. விதியை மனப்பாடம் செய்துவிட்டேன், காரணம் விளங்கவில்லை” என்றார்.

அன்று அவ்வினாவிற்கு விடை கூற இயலவில்லை. பின்னர் அறிவியல் வரலாற்று நூல்களைப் பயின்றபோது, அவ்வினா வேதியியலுக்கு மட்டுமன்று, மொழிக்கும் உரியது என்பது புலனாயிற்று. ஒரு குறியீடு பிறந்த காரணம் மறைந்து, குறியீடு மட்டும் எஞ்சி நிற்கும்போது, கற்பவர் எழுதும் முறையையே இயற்கையின் முறையாகக் கொள்ளும் மயக்கம் நேர்கிறது. எலக்ட்ரான் அமைப்புக் குறியீட்டின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும். அவ்வரலாற்றைக் காட்டி, அதனால் தமிழில் பாடநூல் எழுதுவோர் பெறத்தகும் பயனைக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. குறியீட்டின் உறுப்புக்கள்

தமிழ் பயில்வார் பொருட்டுக் குறியீட்டின் அமைப்பை முதற்கண் கூறுதல் வேண்டும். சோடியத்தின் அணு எண் 11. அதன் அணுவில் உள்ள பதினொரு எலக்ட்ரான்களின் அமைப்பு 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்¹ என எழுதப்படும். பாடநூல்கள் இவ்வெழுத்துக்களை உரோம எழுத்தாகவே அச்சிடும். ஈண்டு அவை ஒலிபெயர்த்துத் தரப்படுகின்றன.

ஒவ்வோர் உறுப்பும் மூன்று கூறுகளை உடையது. முன்நிற்கும் எண் கூட்டினைக் குறிக்கும். எழுத்து அக்கூட்டினுள் அடங்கிய துணைக்கூட்டினைக் குறிக்கும். மேலே சிறிதாக நிற்கும் எண் ஆங்குள்ள எலக்ட்ரான்களின் தொகையைக் குறிக்கும். எஸ், பி, டி, எஃப் என்னும் நான்கு துணைக்கூடுகளும் முறையே 2, 6, 10, 14 எலக்ட்ரான்களுக்கு மேல் ஏலா. எந்நூலைத் திறப்பினும் மாணவர் முதலில் காண்பது இவ்வளவே. ஒன்று, இரண்டு, மூன்று என எண்கள் முறையாக நிற்க, எழுத்துக்கள் மட்டும் எஸ், பி, டி, எஃப் என நெடுங்கணக்கு முறைக்கு மாறாக நிற்பது ஏன் என்பதை நூல்கள் பெரும்பாலும் விளக்குவதில்லை.

3. எழுத்துக்களின் காரணம்

எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் 1897ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். இவ்வெழுத்துக்களின் தோற்றமோ அதற்கும் முற்பட்டது. அவை பிறந்த இடம் நிறமாலை ஆராய்ச்சியாகும்.

1859, 1860ஆம் ஆண்டுகளில் ஐடல்பர்க்கு நகரில் புன்சனும் கிர்க்காஃபும், சுடரில் இட்ட ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளிக்கோடுகளைத் தரும் என்று நிறுவினர். அம்முறையாற் சீசியத்தை 1860இலும் ருபீடியத்தை 1861இலும் கண்டனர். பின்வந்தோர் அக்கோடுகளின் ஒழுங்கை நாடினர். 1885ஆம் ஆண்டில் பாசல் நகரத்துப் பள்ளி ஆசிரியராகிய பால்மர், ஐதரசன் கோடுகளின் அலைநீளங்களை ஒரே வாய்பாட்டில் அடக்கிக் காட்டினார். சுவீடன் நாட்டவராகிய ரிட்பெர்க், சோடியம் முதலிய கார உலோகங்களின் கோடுகளை ஆராய்ந்து, அவை ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் பல வரிசைகள் என 1890ஆம் ஆண்டில் விளக்கினார்.

அவ்வரிசைகளுக்குக் கண்ணாற் கண்ட இயல்பு பற்றியே பெயர்கள் அமைந்தன. கோடுகள் தெளிந்த விளிம்புடன் தோன்றிய வரிசை ‘ஷார்ப்’, அஃதாவது கூரிய வரிசை எனப்பட்டது. விளிம்பு கலங்கிப் பரந்து தோன்றியது ‘டிஃப்யூஸ்’, அஃதாவது பரவிய வரிசை. ஒளி மிக்குத் தலைமையாய் நின்றது ‘பிரின்சிபல்’, அஃதாவது முதன்மை வரிசை. சோடிய விளக்கின் மஞ்சள் நிறத்திற்குக் காரணமாய் 589 நானோமீட்டர் அளவில் இரட்டையாய் நிற்கும் கோடுகள் இம்முதன்மை வரிசையைச் சேர்ந்தவை. பின்னர் 1907ஆம் ஆண்டளவில் பெர்க்மன் என்பார் அகச்சிவப்புப் பகுதியில் வேறொரு வரிசையைக் கண்டார். அது ஐதரசனின் வரிசையைப் பெரிதும் ஒத்திருந்தமையின் ‘ஃபண்டமெண்டல்’, அஃதாவது அடிப்படை வரிசை எனப் பெயர் பெற்றது. ஏனைய மூன்றினும் அஃது அடிப்படையானதன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் பெயர் நிலைத்தது. இந்நான்கு பெயர்களின் முதலெழுத்துக்களே எஸ், டி, பி, எஃப் என்பன.

நம் இலக்கண மரபிற் கூறின், இவை பிறப்பிற் காரணப்பெயர்கள். கோடுகளின் பெயர் அவற்றைத் தரும் ஆற்றல் நிலைகளுக்கு ஏறிற்று. ஆற்றல் நிலைகளின் பெயர் அந்நிலையில் உள்ள எலக்ட்ரானுக்கு ஏறிற்று. இங்ஙனம் படிப்படியாக ஆகுபெயராய்ப் பெயர்ந்தபின், பழங்காரணம் பொருந்தாதாயிற்று. கரி அணுவின் 2பி எலக்ட்ரானில் முதன்மை யாதும் இல்லை. இரும்பின் 3டி எலக்ட்ரானில் பரவிய கோடு யாதும் நினைக்கப்படுவதில்லை. எஃப் என்பதற்கு மேற்பட்ட நிலைகளுக்குப் பெயர் வேண்டியபோது, அறிஞர் புதிய காரணம் தேடாது ஜி, எச் என நெடுங்கணக்கு முறையே எழுத்துக்களை இட்டனர். காரணப்பெயர் இடுகுறியாய் முடிந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

கூடுகளுக்கு வழங்கும் கே, எல், எம் என்னும் பெயர்களின் வரலாறும் இத்தகையதே. எக்ஸ் கதிர்களை ஆராய்ந்த பார்க்லா, தாம் கண்ட இருவகைக் கதிர்களுக்கு முதலில் ஏ, பி எனப் பெயரிட்டார். இருபுறத்தும் வேறு வகைகள் பின்னர்க் காணப்படலாம் என எண்ணி, இடம் விட்டு, 1911ஆம் ஆண்டில் அவற்றைக் கே, எல் என மாற்றினார். கே என்பதற்கு முன் யாதும் கிட்டவில்லை. அவர் விட்ட வெற்றிடம் இன்றும் நம் பாடநூல்களில் வெற்றிடமாகவே உள்ளது.

4. எண்களின் வரலாறு

எழுத்துக்கள் கோடுகளிலிருந்து வந்தன. எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை அடுத்து நோக்குவோம்.

ரூதர்போர்டு 1911இல் அணுக்கருவைக் காட்டிய பின், நீல்ஸ் போர் 1913ஆம் ஆண்டில் மூன்று கட்டுரைகள் வெளியிட்டார். அவற்றுள் இரண்டாவதில், இலேசான தனிமங்களின் எலக்ட்ரான்கள் வளையங்களாய் அமைந்த முறைக்கு ஒரு பட்டியல் தந்தார். அப்பட்டியலில் இலிதியம் 2, 1 எனவும், கரி 2, 4 எனவும், நைட்ரசன் 4, 3 எனவும், நியான் 8, 2 எனவும் காணப்படுகின்றன. கரிக்கு உள்வளையத்தில் இரண்டு வைத்தவர், அடுத்து நிற்கும் நைட்ரசனுக்கு நான்கு வைத்தது ஏன்? நைட்ரசனின் இணைதிறன் மூன்று என்பது வேதியியலார் அறிந்தது. அதற்கேற்ப வெளிவளையத்தில் மூன்று வேண்டும். எஞ்சிய நான்கும் உள்ளே சென்றன. இன்றைய மாணவர் எலக்ட்ரான் அமைப்பிலிருந்து இணைதிறனைப் பெறுகின்றனர். வரலாற்றிலோ இணைதிறன் முன்னும் எலக்ட்ரான் அமைப்புப் பின்னுமாக வந்தன.

1921, 1922ஆம் ஆண்டுகளில் போர் தம் பட்டியலைத் திருத்தினார். சாமர்ஃபெல்டு சேர்த்த இரண்டாம் குவாண்டம் எண்ணைக் கொண்டு ஒவ்வொரு கூட்டையும் உட்பிரித்து, நியானின் இரண்டாங் கூட்டிற்கு 4, 4 எனச் சமமாய் வகுத்தார். அணுக்கருவை எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாய் வந்து சேர்வதாகக் கருதி அமைப்பை வருவிக்கும் முறையை அவர் கையாண்டார். இம்முறைக்குச் செருமானிய மொழியில் ‘ஆஃப்பௌ’ என்பது பெயர். கட்டியெழுப்புதல் என்பது அதன் பொருள். பௌலி, ஹுண்டு என்னும் அறிஞர் பெயர்களோடு ஒருங்கு வைத்துக் கற்பிக்கப்படுதலின், ‘ஆஃபா’ என்பதும் ஓர் அறிஞர் பெயரே என மயங்கும் மாணவரும் உளர்.

இக்காலத்தில் 72ஆம் தனிமம் காணப்படாதிருந்தது. அஃது அருமண் உலோகமாகாது, சிர்கோனியத்தின் இனமாகும் என்று போர் தம் கொள்கையால் துணிந்தார். வேதியியலார் சிலரும் அவ்வாறே முன்பு கருதியிருந்தனர். கோஸ்டரும் எவெசியும் கோபன்ஹேகனில் சிர்கோனியக் கனிமங்களை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து அத்தனிமத்தைக் கண்டனர். 1922 டிசம்பரில் நிகழ்ந்த நோபல் பேருரையில் போர் அச்செய்தியை அறிவித்தார். அந்நகரின் இலத்தீன் பெயராகிய ‘ஹாஃப்னியா’ என்பதால் அது ஹாஃப்னியம் எனப்பட்டது.

இத்துணை வெற்றி பெற்றும் போரின் 4, 4 என்னும் பகுப்பு நிலைக்கவில்லை. 1924ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஸ்டோனர், எக்ஸ் கதிர் நிலைகளை ஆராய்ந்து, எட்டு எலக்ட்ரான்களை 2, 2, 4 எனப் பகுத்தார். பின் இரண்டையும் கூட்டின் ஆறு. அதுவே இன்றைய 2பி⁶. அதே ஆண்டில் மெயின் ஸ்மித் என்னும் வேதியியலாரும் வேதியியற் சான்றுகளைக் கொண்டு இதே பகுப்பைக் கண்டார். இயற்பியலார் அவர் கட்டுரையைப் பெரிதும் நோக்காமையின், அவர் பெயர் பாடநூல்களில் இடம்பெறவில்லை.

ஸ்டோனரின் கட்டுரையைச் சாமர்ஃபெல்டின் நூன்முகத்தால் அறிந்த பௌலி, 1925ஆம் ஆண்டில் அப்பகுப்பிற்குக் காரணம் கூறினார். ஓரணுவில் நான்கு குவாண்டம் எண்களும் ஒத்த இரண்டு எலக்ட்ரான்கள் இரா என்பது அவர் கொள்கை. நான்காம் எண்ணின் பொருள் யாது என்பது அப்போது விளங்கவில்லை. அவ்வாண்டிலேயே ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் அது எலக்ட்ரானின் தற்சுழற்சி என்றனர். ஒரே துணைக்கூட்டில் எலக்ட்ரான்கள் இணையாவதற்கு முன் தனித்தனியே பரவி நிற்கும் என்னும் விதியை ஹுண்டு நிறமாலைகளிலிருந்து வருவித்தார். 1926இல் சுரோடிங்கரின் சமன்பாடு வந்த பின் பழைய வளையங்கள் மறைந்தன. ‘ஆர்பிட்டால்’ என்னும் சொல்லை முல்லிக்கன் 1932இல் ஆக்கினார். கோட்பாடு மாறிற்று, எழுத்தும் எண்ணும் மாறாது நின்றன.

5. நிரப்பும் வரிசையும் மாணவர் வினாவும்

இனி, மாணவர் வினாவிற்கு வருவோம். 1எஸ், 2எஸ், 2பி, 3எஸ், 3பி, 4எஸ், 3டி, 4பி எனச் செல்லும் வரிசையைச் சாய்ந்த அம்புக்குறிகள் கொண்ட படத்தால் பள்ளிகளில் கற்பிப்பர். முதலிரு குவாண்டம் எண்களின் கூட்டுத்தொகை சிறிதாயிருப்பது முன் வரும், தொகை ஒத்தவழி முதலெண் சிறிதாயிருப்பது முன் வரும் என்பது இதன் விதி. 4எஸ் என்பதற்குத் தொகை 4 கூட்டல் 0, ஆக 4. 3டி என்பதற்கு 3 கூட்டல் 2, ஆக 5. ஆகவே 4எஸ் முன் வரும். பிரெஞ்சு நாட்டவராகிய ஷானே 1929ஆம் ஆண்டளவில் தாம் அமைத்த தனிம அட்டவணையில் இவ்வொழுங்கைப் புலப்படுத்தினார். செருமானியராகிய மாடலுங்கு 1936இல் தம் கணிதக் கையேட்டில் இதனை வெளியிட்டார். உருசியர் கிளெச்கோவ்ஸ்கியின் பெயரால் இதனை வழங்குவர்.

இவ்விதி தனிம அட்டவணையின் வடிவத்தைச் சுருக்கமாகக் கூறும் வாய்பாடு. குவாண்டம் கொள்கையின் அடிப்படையிலிருந்து இதனை எவரும் வருவித்துக் காட்டவில்லை என்று லோவ்டின் 1969ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். சுமார் இருபது தனிமங்கள் இதற்கு உடன்படுவதில்லை. குரோமியம் 3டி⁵ 4எஸ்¹ என நிற்கும். செம்பு 3டி¹⁰ 4எஸ்¹ என நிற்கும். பல்லேடியமோ 5எஸ் துணைக்கூட்டை வெறுமையாக விட்டு 4டி¹⁰ என நிற்கும்.

மயக்கம் எங்கே பிறக்கிறது? விதி ஒப்பிடுவது பொட்டாசியம், கால்சியம், ஸ்காண்டியம் எனத் தொடரும் வெவ்வேறு அணுக்களை. ஒவ்வோர் அணுவிற்கும் அணுக்கருவின் மின்னூட்டம் வேறு. ஆதலின் ஆற்றல் நிலைகளின் முறையும் வேறு. பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 4எஸ் நிலையே தாழ்ந்தது. ஸ்காண்டியம் முதலாக 3டி நிலை தாழ்கிறது. ஸ்காண்டியத்தின் அயனிகள் இதற்குச் சான்று. மூன்று எலக்ட்ரான்களை இழந்த அயனி ஆர்கானின் அமைப்பை உடையது. அதனோடு ஒரு எலக்ட்ரான் சேரின், அது 4எஸ் புகாது 3டி புகுகிறது. அடுத்த இரண்டுமே 4எஸ் சேர்கின்றன. ஆகவே ஸ்காண்டியத்தில் 4எஸ் எலக்ட்ரான் இறுதியில் வந்தது, முதலிற் போகிறது. இரும்பிலும் அவ்வாறே. முதலில் வந்தது முதலிற் போகும் என்னும் புதிர், உண்மையில் இல்லாத புதிர். தாழ்ந்த 3டி இருக்க எலக்ட்ரான்கள் 4எஸ் சேர்வது ஏன் என்று வினவலாம். 3டி மின்புலம் செறிந்தது. ஆங்கு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று மிகுதியாக விலக்கும். அவ்விலக்கத்தையும் கூட்டிப் பார்க்கும்போது அணுவின் மொத்த ஆற்றல் எவ்வமைப்பிற் குறைகிறதோ அவ்வமைப்பே நிலைக்கிறது.

இலக்கணம் பயில்வார்க்கு இம்மயக்கம் புதிதன்று. மரம் என்பதும் வேர் என்பதும் புணருங்கால் மகரம் கெட்டு மரவேர் என்றாயிற்று என்கிறோம். எனினும், எந்தத் தமிழனும் முதலில் ‘மரம் வேர்’ என எண்ணி, பின்னர் மகரத்தைக் கெடுத்துப் பேசுவதில்லை. சூத்திரம் சொற்களின் உறவைக் கூறுகிறதேயன்றி, வாயில் நிகழும் செயலின் வரலாற்றைக் கூறவில்லை. அதுபோல, நிரப்பும் விதி அணுக்களின் வரிசையைக் கூறுகிறது. ஓரணு பிறந்த கதையைக் கூறவில்லை.

6. தமிழிற் செய்யத்தக்கது

வேதியியலைத் தமிழிற் கூறும் முயற்சி எலக்ட்ரானுக்கு முற்பட்டது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழிற் கொணர்ந்த வேதியியல் நூல் 1875ஆம் ஆண்டில் ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரால் வெளிவந்தது. துறையின் பெயரே அன்று ஒலிபெயர்ப்பாயிருந்தது. பின்னர் இரசாயனம் என்றும் வேதியியல் என்றும் ஆயிற்று. எலக்ட்ரான் என்பதை ஈழத்தார் இலத்திரன் என வழங்குவர். தமிழகத்தில் எலக்ட்ரான், மின்னணு, எதிர்மின்னி என்பன வழங்கியுள்ளன.

இந்நிலையில் எஸ், பி, டி, எஃப் என்பவற்றையும் கூரிய, முதன்மை, பரவிய, அடிப்படை என்பவற்றின் முதலெழுத்துக்களால் மாற்றலாகாதோ என்று வினவுவார் உளர். வரலாறு கூறும் விடை, வேண்டா என்பதே. அவ்வாறு மாற்றின், இறந்துபட்ட காரணத்திற்கு நாம் உயிரூட்டியவராவோம். 2பி எலக்ட்ரான் எவ்வகையில் முதன்மை உடையது என்று மாணவர் வீணே தேடுவர். முள்ளி என்பது முள்ளுடைமை பற்றி எழுந்தும், முள்ளுடைய அனைத்தையும் குறியாது ஒரு செடிக்கே உரியதாயிற்று. அதனைக் காரணவிடுகுறி என்பர். இந்நான்கு எழுத்துக்களும் அதனையும் கடந்து முழு இடுகுறியாகிவிட்டன. இடுகுறியை உள்ளவாறே கொள்ளுதலே முறை.

ஆயின், எழுத்தை விட்டுவிடினும் வினைச்சொல்லை விடலாகாது. ‘எலக்ட்ரான் முதலில் 4எஸ் துணைக்கூட்டிற் புகும், பின்னர் 3டி துணைக்கூட்டிற் புகும்’ என்று எழுதும் தமிழ் வாக்கியமே மாணவரின் மயக்கத்திற்கு வாயில். முதலில், பின்னர் என்பன காலம் உணர்த்தும் சொற்கள். புகும் என்பது செயல் உணர்த்தும் சொல். இரண்டும் சேர்ந்து, நிகழாத ஒரு நிகழ்ச்சியை நிகழ்ந்ததாகக் காட்டுகின்றன. ‘பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் இறுதி எலக்ட்ரான்கள் 4எஸ் துணைக்கூட்டில் உள்ளன, ஸ்காண்டியம் முதலாக 3டி துணைக்கூட்டிலும் எலக்ட்ரான்கள் காணப்படுகின்றன’ என்று எழுதின், பொருள் வழுவாது, விதியும் கெடாது. பாடநூலின் அறிவியலைச் செப்பனிடும் தகுதி தமிழாசிரியர்க்கு இல்லை; அதன் வினைச்சொற்களை ஆராயும் தகுதி உண்டு.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், எலக்ட்ரான் அமைப்புக் குறியீட்டின் எழுத்துக்கள் நிறமாலைக் கோடுகளின் பெயர்களிலிருந்து தோன்றிப் பின் இடுகுறியாயின என்பதும், எண்கள் 1913 முதல் 1925 வரை இணைதிறன், எக்ஸ் கதிர், நிறமாலை ஆகிய சான்றுகளால் பன்முறை திருத்தப்பட்டன என்பதும், நிரப்பும் வரிசை தொகுத்துக்கூறும் வாய்பாடேயன்றி அணுவின் வரலாறு அன்று என்பதும் போதரும்.

1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்¹ என்று ஒரு மாணவர் எழுதும்போது, சுடரில் மஞ்சள் கோட்டைக் கண்டவர், அதன் வரிசையை அளந்தவர், நைட்ரசனுக்கு உள்வளையத்தில் நான்கு வைத்துப் பின் திருத்தியவர், பெயர் மறக்கப்பட்ட வேதியியலார் ஆகிய அனைவரின் உழைப்பையும் ஒரு வரியில் எழுதுகிறார். இவ்வரலாற்றில் ஒரு மணி நேரத்தைப் பாடவேளையில் ஒதுக்கின், விதியும் புறனடையும் மனப்பாடச் சுமையாகா. வினவிய மாணவர்க்கு இவ்விடையைக் கூறுவதற்குள் அவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டார். அடுத்து வருவோர்க்கேனும் இது பயன்படுமாக.